மோட்டார் நடுக்கத்தில் மின்சாரம்: பீசோ பட்டைக்குச் சுருதி சேர்ப்பது எப்படி

ஓடுகிற மோட்டாரின் மேல் கை வைத்தால் உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு தெரியும். அதிலிருந்து ஒரு சின்ன சென்சாரை ஓட்டும் அளவுக்கு மின்சாரம் எடுக்கலாம். பல்பு எரியாது, செல்போன் சார்ஜ் ஆகாது. கிடைப்பதெல்லாம் மைக்ரோவாட் கணக்குதான். ஆனால் பேரிங் சூட்டை அளந்து பத்து வினாடிக்கொரு முறை வயர் இல்லாமல் சொல்லிவிட்டுத் தூங்கும் சென்சாருக்கு அது போதும்.

அழுத்தினால் மின்னூட்டம் தரும் பீசோ படிகங்களை 1880இல் பாரிசில் ழாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டறிந்தார்கள். நம் அடுப்படி கேஸ் லைட்டரில் பொறி தெறிப்பதும் இதே வேலைதான். இன்று பயன்படுவது பெரும்பாலும் பிஇஸட்டி எனப்படும் பீங்கான். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் பஸ்ஸருக்காக விற்கும் பித்தளை வட்டின் நடுவே வெள்ளியாக மின்னும் பூச்சுக்குக் கீழே இருப்பதும் அதுவே. இந்த வட்டை வாங்கி மோட்டாரில் அப்படியே ஒட்டிவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று கைவிடுபவர்கள் அதிகம். ஒட்டுவது சிறு வேலை. மோட்டார் எந்த அதிர்வெண்ணில் நடுங்குகிறதோ அதே அதிர்வெண்ணுக்கு, வட்டை ஒட்டிய நம் தகட்டுப் பட்டையை இழுத்து வந்து நிறுத்துவதுதான் முக்கால்வாசி வேலை. இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. 2.4 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 3.6 வோல்ட் லித்தியம் செல் ஒன்று, 50 மைக்ரோவாட் மட்டும் எடுக்கும் கருவியைக் காகிதக் கணக்கில் 15 ஆண்டுக்கு மேல் ஓட்டும். நடைமுறையில் செல் தானாகவே வடியும், சூட்டில் இன்னும் வேகமாக வடியும். ஆனாலும் பல ஆண்டு தாங்கும். ஆகவே நாலைந்து சென்சார் மட்டும் என்றால் பேட்டரியே மேல். நூற்றுக்கணக்கான மோட்டார்கள், ஏறிப் போய் செல் மாற்ற முடியாத இடங்கள், எந்நேரமும் சூடாக இருக்கும் மோட்டார் உடல்: இங்கேதான் அதிர்வு மின்சாரத்துக்கு வேலை. மோட்டாருக்குத்தான் கரண்ட் வருகிறதே, அதிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்கலாம். 415 வோல்ட் டெர்மினல் பெட்டிக்குள் கை வைத்து 3 வோல்ட் இறக்க எந்த எலக்ட்ரீஷியனும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது.

எந்த மோட்டார்?

உதாரணத்துக்கு, மில்களில் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் பிளாண்டில் ஃபேனைச் சுழற்றும் நாலு போல் இண்டக்‌ஷன் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அதன் ஒத்தியங்கு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. ஆனால் ஸ்லிப் என்று ஒன்று இருப்பதால் முழு லோடில் 1440, லோடு குறைந்தால் 1480 என்று ஓடும். வினாடிக்கு மாற்றினால் 24 முதல் 24.7 ஹெர்ட்ஸ். மோனோபிளாக் பம்புகளில் பரவலாக இருக்கும் இரண்டு போல் மோட்டார் என்றால் 2880 சுற்று, அதாவது 48 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவது மின் அதிர்வெண்ணின் இரு மடங்கில், 100 ஹெர்ட்ஸில். அதற்கு ஸ்லிப் கிடையாது என்பதால் ஒருமுறை சுருதி சேர்த்தால் அநேகமாக விலகாது.

மோட்டார் விஎஃப்டி டிரைவில் ஓடினால் இந்த முறை உங்களுக்கு ஆகாது. வேகம் நாள் முழுக்க ஏறி இறங்கும். நம் பட்டை ஒரே இடத்தில் நிற்கும். வேறு மோட்டாரைப் பாருங்கள்.

முதலில் அளவு

அளக்காமல் தகடு வெட்டாதீர்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியில் முடுக்க நிறமாலை என்ற பகுதி இருக்கிறது. போனை பேரிங் இருக்கும் எண்ட் ஷீல்டின் மேல் அசையாமல் வைத்து ஓடவிடுங்கள். வைப்பதும் எடுப்பதும் மோட்டார் நின்றிருக்கும்போதுதான். பெல்ட், கப்ளிங் பக்கம் போகவே வேண்டாம்.

குறைந்தது 10 வினாடி பதியுங்கள். 2 வினாடிப் பதிவில் 24.0க்கும் 24.5க்கும் வித்தியாசம் பிடிப்பதே கஷ்டம்; 10 வினாடிப் பதிவில் 0.1 ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்க்கலாம். போனின் சென்சார் வினாடிக்கு 100 மாதிரிதான் எடுக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் காட்டுவதை நம்ப முடியாது. மேலே இருக்கும் அதிர்வு மடங்கி வந்து கீழே பொய் உச்சமாக நிற்கும். 24 ஹெர்ட்ஸ் மோட்டாரை உதாரணமாக எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

லோடு அதிகமாக உள்ள நேரம், குறைவாக உள்ள நேரம் இரண்டிலும் எடுங்கள். வோல்டேஜ் இறங்கும் வேளையிலும் ஒன்று எடுத்தால் நல்லது. அப்போது ஸ்லிப் கூடும். இந்த அளவுகளின் நடுப்புள்ளிதான் நம் இலக்கு. 24.5 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, எவ்வளவு பலமாக நடுங்குகிறது என்பது. ஐஎஸ்ஓ 10816 என்ற பழைய தரநிலைப்படி 15 கிலோவாட்டுக்கு உட்பட்ட சிறு இயந்திரத்தில் அதிர்வு வேகம் (ஆர்எம்எஸ்) வினாடிக்கு 1.8 மி.மீ. வரை இருந்தால் கவலையில்லை, 4.5ஐத் தாண்டினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். 24.5 ஹெர்ட்ஸில் 1.8 மி.மீ. என்பது சுமார் 0.4 மீ/வி² உச்ச முடுக்கம். நாம் செய்யப்போகும் பட்டைக்கு இந்த நடுக்கத்தில் கோட்பாட்டு உச்சம் ஏறக்குறைய 80 மைக்ரோவாட். அதே மோட்டார் 4.5 மி.மீ.யில் ஆடினால் 500 மைக்ரோவாட், ஏனென்றால் சக்தி முடுக்கத்தின் இருமடியில் ஏறும். பஸ்ஸர் வட்டில் இவற்றில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். நன்றாகப் பராமரித்த மோட்டார் நமக்குக் கஞ்சத்தனம் காட்டும். கெட்டுப்போகும் மோட்டார் அள்ளிக் கொடுக்கும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும்.

பட்டை

வேண்டியது 0.5 மி.மீ. தடிமனுள்ள ஸ்பிரிங் ஸ்டீல் ஷிம் தகடு. 25 மி.மீ. அகலத்தில் வெட்டி, கிளாம்ப்புக்கு வெளியே 80 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு மறுமுனையில் பாரம் தொங்கும் பட்டை இது. நீளம் 80 மி.மீ. எனில் விறைப்பு சுமார் 305 நியூட்டன்/மீட்டர். இது 24.5 ஹெர்ட்ஸில் ஆட வேண்டுமானால் முனையில் மொத்தம் 13 கிராம் அளவுக்கு நிறை வேண்டும். பட்டையின் சொந்த எடையில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக இந்தக் கணக்கில் சேரும். அதைக் கழித்தால் நாம் வைக்க வேண்டியது 11 கிராம்.

ஆனால் வட்டை ஒட்டியதும் கிளாம்ப்பை ஒட்டிய வேர்ப்பகுதி விறைத்து, அதிர்வெண் கணக்கைவிட மேலே போகும். ஆகவே இன்னும் சில கிராம் ஏற்ற இடம் விட்டு வையுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் பாதி தலைவலி போய்விடும்.

பித்தளை வட்டு 27 மி.மீ. விட்டமுள்ளது, ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு எடுங்கள். பட்டை வளையும்போது அதிகம் இழுபடுவது கிளாம்ப்பை ஒட்டிய பகுதி. ஆகவே வட்டின் விளிம்பு கிளாம்ப்பிலிருந்து 1, 2 மி.மீ. தள்ளி ஆரம்பிக்கட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டிலும் பித்தளைப் பக்கம் தகட்டைப் பார்க்க வேண்டும். பட்டையைவிட வட்டு ஒரு மி.மீ. இருபுறமும் வெளியே நீட்டினால் பரவாயில்லை. தகட்டை எமரித் தாளால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு டியூப் எபாக்சியை மெல்லிசாகப் பூசி, கிளிப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். தடித்த பசை ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும். பட்டை வளைந்தாலும் பீங்கானுக்கு அது போய்ச் சேராது. டபுள் டேப் ஒருபோதும் வேண்டாம்.

மேல் வட்டு இழுபடும்போது கீழ் வட்டு அமுங்கும், அதனால் இரண்டின் வோல்டேஜும் எதிரெதிராக இருக்கும். பித்தளைகள் இரண்டையும் ஒரு வயரால் தகட்டோடு இணைத்துவிட்டு, இரண்டு வெள்ளிப் பூச்சுகளிலிருந்து மட்டும் வெளி வயர் எடுத்தால் தானாகவே தொடர் இணைப்பு கிடைத்துவிடும்; வோல்டேஜ் இரட்டிக்கும். சால்டரிங் அயர்னை வெள்ளிப் பூச்சில் இரண்டு வினாடிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏறினால் பூச்சு உரியும், பீங்கானின் மின் திசையும் கலையும். பீங்கானை அரம் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அதில் ஈயம் இருக்கிறது.

பிடிமானம்

பலர் அலட்சியமாக விடும் இடம் இது. மரக்கட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ பிடித்தால் ஆட்டத்தைக் கட்டையே தின்றுவிடும். 6 மி.மீ. இரும்புத் துண்டுகள் இரண்டு, நடுவே பட்டை, இரண்டு எம்5 போல்ட். பட்டை வெளியே வரும் விளிம்பு கூர்மையாக, பட்டைக்குச் செங்கோணத்தில் இருக்க வேண்டும்.

பிடித்ததும் முனையைச் சுண்டி, வட்டின் வோல்டேஜை ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். ஆட்டத்தின் உயரம் பாதியாகக் குறைய எத்தனை ஆட்டம் ஆகிறது என்று எண்ணி, 0.11ஐ அந்த எண்ணால் வகுத்தால் தணிப்பு விகிதம் கிடைக்கும். 11 ஆட்டம் எனில் 0.01, நல்ல பிடிமானம். நாலைந்து ஆட்டத்திலேயே பாதியாகிறது என்றால் கிளாம்ப்பைக் கழற்றி மறுபடி இறுக்குங்கள். மேலே சொன்ன 80 மைக்ரோவாட் 0.01 என்ற தணிப்புக்கான கணக்கு. தணிப்பு இரட்டித்தால் அதுவும் பாதியாகும்.

சுருதி சேர்ப்பது

தணிப்பு 0.01 எனில் பட்டை முழு மனதோடு ஆடுவது 24.5ஐச் சுற்றி அரை ஹெர்ட்ஸ் அகலத்துக்குத்தான். மின்சாரம் எடுக்கத் தொடங்கினால் அந்த எடுப்பே கூடுதல் தணிப்பாகி அகலம் ஒரு ஹெர்ட்ஸ் வரை போகும். மோட்டாரின் ஸ்லிப் ஆட்டம் 0.7 ஹெர்ட்ஸ். ஆக, நடுவில் சரியாக நிறுத்தினால் நாள் முழுக்கச் சமாளிக்கலாம். ஒரு ஹெர்ட்ஸ் தள்ளி நிறுத்தினால் பட்டை பேருக்கு ஆடும்.

மிருதங்கத்தின் தொப்பியில் ரவையை அப்பினால் சுருதி இறங்கும், வாரைத் தட்டி இறுக்கினால் ஏறும். இங்கேயும் அதே இரண்டு வழிதான்: நிறையை மாற்றுவது, விறைப்பை மாற்றுவது.

நிறையில் தொடங்குங்கள். பட்டையின் முனையில் எம்5 போல்ட் ஒன்றை, பட்டையின் நீளவாக்கில் வெளியே பார்க்கும்படி ஒரு சின்ன எல் கிளிப்பால் பொருத்துங்கள். பாரத்தின் பாதி நிலையாக இருக்கட்டும். மறுபாதி அந்தப் போல்டில் ஏறி இறங்கும் நட்டுகளாக இருக்கட்டும். எம்5 மரையில் ஒரு சுற்றுக்கு 0.8 மி.மீ. நகரும். மொத்தப் பாரமும் 0.8 மி.மீ. வெளியே போனால் அதிர்வெண் சுமார் ஒன்றரை சதவீதம், அதாவது 0.35 ஹெர்ட்ஸ் இறங்கும். பாதிப் பாரம் மட்டும் நகர்வதால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.2 ஹெர்ட்ஸ். கால் சுற்றுக்கு 0.05! இந்த நுணுக்கம் வேறெந்த முறையிலும் இவ்வளவு சல்லிசாகக் கிடைக்காது. சேர்ந்ததும் இரண்டாவது நட்டால் பூட்டுங்கள். பூட்டும்போது கொஞ்சம் நகரும். பூட்டிய பிறகே கடைசியாக அளக்க வேண்டும்.

மேசையில் சுருதி பார்க்க பழைய வூஃபர் ஸ்பீக்கர் ஒன்று போதும். கூம்பின் நடுவில் ஒரு சிறு தட்டை ஒட்டி அதன் மேல் கிளாம்ப்பை வையுங்கள். கிளாம்ப் கனமாக இருந்தால் கூம்பு அமுங்கிவிடும். மேசைச் சோதனைக்கு மட்டும் அதைச் சிறு கம்பியால் மேலிருந்து தாங்கலாம். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி, நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 0.1 ஹெர்ட்ஸாக மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் சில வினாடி காத்திருங்கள். ஆட்டம் முழுசாக ஏற அவ்வளவு நேரம் வேண்டும். வோல்டேஜ் உச்சத்துக்குப் போகும் எண்தான் உங்கள் பட்டையின் சுருதி.

இரண்டாவது வழி காந்தம். முனையில் ஒரு சிறு நியோடிமியம் காந்தம், அதற்கு நேர் எதிரே, பட்டையின் நீள வரிசையில், நிலையான இன்னொன்று. ஈர்க்கும்படி வைத்தால் முனை நடுவை விட்டு விலகும்போதெல்லாம் திரும்ப இழுக்கப்படும். விறைப்பு கூடி அதிர்வெண் ஏறும். விலக்கும்படி வைத்தால் இறங்கும். எதிர்க் காந்தத்தை ஒரு திருகில் வைத்து இடைவெளியை மாற்றுவதுதான் சுருதி மாற்றும் வேலை. சல்லாவும் உடனிருந்தோரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 26 ஹெர்ட்ஸ் பட்டையைக் காந்தங்களால் 22 முதல் 32 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தினார்கள். 240 முதல் 280 மைக்ரோவாட் கிடைத்தது. கை வைக்க வசதியில்லாத இடத்துக்கு இது நட்டைவிட நல்லது.

ஆனால் விலக்கும் காந்தத்தை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் பட்டை நடுவில் நிற்காமல் மேலோ கீழோ சாய்ந்துவிடும். பலமான நடுக்கத்தில் இந்தச் சாய்வையே பயன்படுத்தி அகலமான அதிர்வெண் பட்டையில் மின்சாரம் எடுக்கும் ஆய்வுகள் உண்டு, நம் 0.4 மீ/வி²இல் அது ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும் என்பதையும் மோட்டார் உடல் சூட்டையும் சேர்த்து யோசியுங்கள்.

பட்டையை நீளவாக்கில் அமுக்கிச் சுருதியை இறக்கும் முறையும் உண்டு. லேலண்ட், ரைட் என்ற ஆய்வாளர்கள் 2006இல் அதன் மூலம் 24 சதவீதம் வரை இறக்கிக் காட்டினார்கள். பட்டறையில் அந்த அமுக்கத்தைச் சீராகத் தருவது சிரமம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தானே சுருதி மாற்றிக்கொள்ளும் கருவி? ஆசை நியாயமானது. ஆனால் ரவுண்டி, ஜாங் என்ற ஆய்வாளர்கள் 2005இலேயே காட்டியபடி, ஓயாமல் சுருதி திருத்திக்கொண்டிருக்கும் கருவி, அதனால் கிடைக்கும் லாபத்தைத் தானே தின்றுவிடும். எப்போதாவது ஒருமுறை திருத்தி, பிறகு மின்சாரம் செலவழிக்காமல் அங்கேயே நிற்கும் ஏற்பாடுதான் கட்டுபடியாகும். ஸ்பேனரோடு வரும் ஃபிட்டரும் அப்படியொரு ஏற்பாடுதான்.

மின்சுற்று

நாலு 1என்4148 டையோடுகளால் ஒரு பிரிட்ஜ், பின்னால் 1 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெபாசிட்டர். ஷாட்கி டையோடில் வோல்டேஜ் இழப்பு குறைவு என்று அதைப் போடாதீர்கள். அதன் பின்கசிவு நம் வருமானத்தில் கணிசமான பங்கைக் கொண்டுபோகும். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து நேராக வட்டில் அளக்கவும் வேண்டாம். பல மீட்டர்களின் ஏசி அளவு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம்பத்தக்கதல்ல. பிரிட்ஜுக்குப் பிறகு டிசியில் அளங்கள்.

220 கிலோ ஓம் முதல் 2.2 மெகா ஓம் வரை ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கெபாசிட்டருக்குக் குறுக்கே போட்டு வோல்டேஜைக் குறியுங்கள். வோல்டேஜின் இருமடியை ஓமால் வகுத்தால் சக்தி. 1 மெகா ஓமில் 7 வோல்ட் நின்றால் 49 மைக்ரோவாட். தொடராக இணைத்த இரண்டு வட்டுகளுக்கு உச்சம் பெரும்பாலும் 1 மெகா ஓம் பக்கம் வரும். அந்த இடத்தில் வோல்டேஜ், ரெசிஸ்டர் இல்லாதபோது இருந்ததில் பாதிக்கு அருகில் நிற்கும்; நின்றால் அளவு சரி என்று கொள்ளலாம்.

சென்சாருக்கு நிலையான 3.3 வோல்ட் வேண்டும். அதற்கென்றே எல்டிசி3588 என்ற சிப் இருக்கிறது. பிரிட்ஜ் அதற்குள்ளேயே உண்டு, தன் செலவு ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. 3.3 வோல்ட் அமைப்பில் உள்ளே சுமார் 5 வோல்ட் சேர்ந்த பிறகே வாயைத் திறக்கும். ஆகவே லோடு இல்லாதபோது பட்டை 10 வோல்டாவது தர வேண்டும். சேமிக்கும் கெபாசிட்டர் 100 மைக்ரோஃபேரட் என்றால், 12 வோல்டிலிருந்து 5 வோல்டுக்கு இறங்கும்போது ஏறக்குறைய 6 மில்லிஜூல் தரும். ரேடியோ ஒருமுறை பேச 3.3 வோல்டில் 10 மில்லிஆம்பியர், 5 மில்லிவினாடி என்று வைத்தால் செலவு 165 மைக்ரோஜூல். 50 மைக்ரோவாட் வருமானத்தில் அது 3.3 வினாடிச் சம்பாத்தியம். சிப்பின் இழப்பு, சென்சாரின் தூக்கச் செலவு எல்லாம் போக 10 வினாடிக்கொரு முறை பேசலாம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் பழசாக இருந்தால் அதன் கசிவே மைக்ரோஆம்பியர் கணக்கில் இருக்கும். புதிதாக வாங்கி ஒரு நாள் சார்ஜில் வைத்த பிறகு போடுங்கள்.

மோட்டாரில் ஏற்றுவது

மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, அட்டை தொங்கவிட்ட பிறகுதான் கிட்டே போக வேண்டும். எண்ட் ஷீல்டில், பேரிங்குக்குப் பக்கத்தில் பொருத்துங்கள். ஃபேன் கவர் அதிகம் ஆடுகிறதே என்று அங்கே போகாதீர்கள். அது மெல்லிய தகடு, நம் கிளாம்ப்பின் எடை ஏறினால் அதன் ஆட்டமே மாறிவிடும். பட்டையின் தட்டையான முகம் நடுக்கத்தின் திசையைப் பார்த்திருக்க வேண்டும். கத்திபோல் ஓரமாகத் திருப்பி வைத்தால் பட்டை வளையவே வளையாது. கூலிங் ஃபின்களை அடைக்கவும் கூடாது. பஞ்சுத் தூசி படிந்தால் பாரம் ஏறும், சுருதி இறங்கும். ஆகவே மேலே ஒரு மூடி.

ஓடவிட்டு, சூடேறி ஒரு மணி நேரம் ஆன பிறகு வோல்டேஜைப் பாருங்கள். சூட்டில் பட்டையும் பசையும் கொஞ்சம் தளர்ந்து அதிர்வெண் சற்றே இறங்கியிருக்கும். மோட்டாரை நிறுத்தி நட்டைக் கால் சுற்று உள்ளே திருப்பிப் பாருங்கள். வோல்டேஜ் ஏறினால் இன்னொரு கால் சுற்று. இறங்கினால் பழைய இடத்துக்கே வாருங்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தித்தான் திருப்ப வேண்டும் என்பதால் இதற்கு ஒரு மத்தியானம் போகும்.

சென்சாரின் மென்பொருளை நேரம் பார்த்துப் பேசும்படி எழுதாமல், கெபாசிட்டர் நிறைந்ததும் பேசும்படி எழுதுங்கள். அப்போது இரண்டு பேச்சுக்கு நடுவில் உள்ள இடைவெளியே அதிர்வின் அளவுகோலாகிவிடும். 10 வினாடிக்கொரு முறை பேசிக்கொண்டிருந்த மோட்டார் 4 வினாடிக்கொரு முறை பேச ஆரம்பித்தால் முதலில் வேகத்தை டேக்கோமீட்டரில் பாருங்கள்; லோடு மாறி அது பட்டையின் சுருதிக்கு நெருங்கி வந்திருக்கலாம். வேகம் அப்படியே இருந்தால் பேலன்ஸ், அலைன்மெண்ட், பேரிங் என்று வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு சென்சார் மறுபடி மெதுவாகத்தான் பேசும். வருமானம் குறைந்துவிட்டதே என்று நட்டைத் திருப்பப் போக வேண்டாம்.